காலியான நைட் சார்ட்டை இப்போது நிரப்பச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் தனியார் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவருக்குப் படுக்கைப்புண் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லா ரெகார்டும் வேண்டும் என்று மகன் எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட் பல இரவுகள் காலி. முப்பது பேருக்கு இரவில் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். இரண்டு இரவுக்கு எழுதியும்விட்டேன். மாட்டிக்கொள்வேனா?

பதில்: இனி ஒரு கட்டத்தையும் நிரப்பாதீர்கள். சார்ட் காலியாக இருந்தால் அது சேவைக் குறைபாடு. நஷ்டஈட்டுச் சுமை பெரும்பாலும் இல்லத்தின் மேல்தான் விழும். பின்னால் நிரப்பினால் விஷயம் கிரிமினல் பக்கம் திரும்பும், அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. வழக்கில் சான்றாக வரட்டும் என்று பதிவேட்டில் பொய்யாக எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 228ஆம் பிரிவில் வரும். 229ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. மகன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அந்த விசாரணையும் இதற்கு நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். இன்னொரு சிஸ்டரின் கையெழுத்தைப் போட்டால் போலி ஆவணத்துக்கான 336ஆம் பிரிவு, பழைய தாளைக் கிழித்துப்போட்டால் சான்றை அழிப்பதற்கான 241ஆம் பிரிவு.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று இன்சார்ஜ் சொல்லியிருப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சார்ட்டை மட்டும் தனியாகப் படிக்க மாட்டார். அட்டெண்டன்ஸ், டூட்டி ரோஸ்டர், ஆம்புலன்ஸ் ரசீது, சிசிடிவி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பல இரவுகள் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் 10, 12, 2, 4, 6 என்று சொல்லிவைத்த மாதிரி வரிசையாக இருக்கும். பெரியவர் ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் ‘இடப்பக்கம் திருப்பப்பட்டார்’ என்றிருக்கும். நீங்கள் வார விடுமுறையில் இருந்த நாளில் உங்கள் இனிஷியல் இருக்கும். தாளின் அடியில் அச்சான படிவத் தேதியே அந்த இரவுக்குப் பிந்தியதாக இருப்பதும் உண்டு. ஒரு வரி பொய் என்று ஆனபின், உண்மையாகவே திருப்பிப் படுக்க வைத்த இரவுகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சாதாரண நாளில் விட்டுப்போன பதிவை எழுத வழி இருக்கிறது. இன்றைய தேதி, நேரம், ‘தாமதப் பதிவு’ என்ற சொல், எந்த ஷிஃப்ட்டுக்கானது என்பது, நினைவிலிருந்தா ஹேண்ட்ஓவர் நோட்டிலிருந்தா என்பது, முழுப்பெயர், உங்கள் நர்ஸ் பதிவு எண். காலிக் கட்டத்தில் திணிக்காமல், கடைசி வரிக்குக் கீழே எழுத வேண்டும். தப்பாக எழுதியதை ஒற்றைக்கோடு போட்டு அடிக்கலாம், வொயிட்னர் கூடாது. ஆனால் உங்கள் விஷயத்தில் ரெகார்டைக் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதன்பின் தாமதப் பதிவுகூட சந்தேகத்தைத்தான் கிளப்பும். சார்ட்டைத் தொடாமல் நிர்வாகத்துக்குத் தனி அறிக்கையாகக் கொடுங்கள்.

அந்த அறிக்கையில் எந்தெந்த இரவு டூட்டி, எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ், எத்தனை அட்டெண்டர், புண்ணை முதலில் எப்போது பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்பவை வரட்டும். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள். ஆள் பற்றாக்குறை என்ற ஒரு வரிதான் பொறுப்பை நிர்வாகத்தின் பக்கம் நகர்த்தும், அதை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே எழுதிய இரண்டு இரவும் என்றைக்கு, யார் சொல்லி எழுதப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டிவரும். அது ஒப்புதல் வாக்குமூலம் போன்றது, எனவே அனுப்பும் முன் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மெயிலில் அனுப்புங்கள், கூடவே ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ஃபைலை போனில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், ரகசியத்தை மீறியதாக உங்கள் மேலேயே புகார் வரும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரோஸ்டரில் உங்கள் டூட்டி விவரம், இன்சார்ஜ் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போதும்.

தாமதிக்காதீர்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ரெகார்டைத் தர வேண்டும், அதனால்தான் இந்த அவசரம். நுகர்வோர் புகாருக்கு மகனுக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், ஆனால் வேறொரு கடிதத்தில். இதே கடிதத்தில் கேட்டால் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.