காண்டாவனம் தொடங்க முன்னம்: வீடு பற்றிக் கேட்டவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மே மாதம் கொளுத்தும் காண்டாவன வெயிலுக்கு வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது, பள்ளி விடுமுறையில் எல்லோரும் எங்கே கூடி இருப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இருபது வருடமாக வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கிறேன். அதில் பாதி நேரம், வாங்கி வைத்த சாமானை வெளியே எடுக்கச் சொல்வதிலேயே போகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு தங்கச்சி: மேல்மாடியில் பிள்ளைகளின் அறை, பிளாற் கூரை. இரவு பத்து மணிக்கும் வெக்கை தாங்க முடியவில்லை. என்ன நிறத்தில் திரைச்சீலை போட்டால் குளிரும், அக்கா?

எந்த நிறம் போட்டாலும் குளிராது, தங்கச்சி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சீலையால் என்ன செய்ய முடியும்? அதை வெளியிலேயே மறிக்க வேண்டும்.

முதல் வைத்தியம் கூரைக்கு. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். கொங்கிறீற் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில்தான் கக்கும், அதுதான் உங்கள் பத்து மணி வெக்கை. மேலே இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மாரி மழை கழுவிவிடும். வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

அடுத்தது யன்னல். நாலு கிடுகு வாங்கி, கமுகஞ் சலாகையில் தட்டியாகக் கட்டி, யன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டக் கட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடாவிட்டால் தட்டியின் சூடே உள்ளே வரும். கீழ் விளிம்பில் கயிறு போட்டு வைத்தால் பொழுதுபட்டதும் தூக்கிக் கட்டிவிடலாம். காலை பத்து மணிக்கு யன்னலைச் சாத்துங்கள், பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் திறவுங்கள். சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பக்க யன்னலை மட்டும் இரவில் சாத்தவே கூடாது. புழுதி வரும்தான், காலையில் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. வடக்கு யன்னலில் வெயில் படாது என்று மேசன்மார் சொல்வார்கள். ஆனால் மே, யூன், யூலை மாதங்களில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அந்த யன்னலுக்கும் தட்டி வேண்டும்.

சரி, திரைச்சீலையின் நிறம்? உங்கள் விருப்பம். மெல்லிய பருத்தியாக இருந்தால் போதும்.

நெல்லியடியிலிருந்து: புது வீட்டு மண்டபத்துக்கு ரெக்சின் சோபா செற் பார்த்து வைத்திருக்கிறோம். நல்லதா?

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, கறன்ட் இல்லாத நேரம், கடையில் அதே சோபாவில் அரை மணி இருந்து பாருங்கள். முதுகோடு சட்டை ஒட்டும். பிரம்புக் கதிரை நாலும் ஒரு சாய்மனைக் கதிரையும் போதும். மிச்சக் காசுக்கு நல்ல பான் ஒன்று.

உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி: அப்பப்பாவின் நாற்சார் வீடு எங்களுக்கு வந்திருக்கிறது. கனடாவிலிருக்கும் சித்தப்பா, நடுமுற்றத்துக்கு மேலே கண்ணாடித் தகடு போட்டு மூடினால் பெரிய மண்டபம் கிடைக்கும் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம், தம்பி. இந்தப் பிழையை நானே ஒரு தரம் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்றாம் வருடம், வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று ஒளி விடும் பிளாஸ்ரிக் தகட்டால் ஒரு நடுமுற்றத்தை மூடிக் கொடுத்தேன். மாரியில் எல்லோருக்கும் சந்தோசம். சித்திரையில் அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதுக்குள்ள அப்பளம் காயப்போடலாம்" என்றார். கழற்றிய கூலியும் என் கையால்தான் போனது.

நாலு பக்க விறாந்தையின் சூட்டுக் காற்றும் மேலெழுந்து வெளியேறுவது அந்தத் திறப்பால்தான். அதை மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மழைச்சாரல்தான் கவலை என்றால் தாழ்வாரத்துப் பீலியைத் திருத்துங்கள். காகம், குரங்குக்குக் கம்பிவலை போடலாம். முற்றத்தின் நடுவில் ஒரு துளசி மாடம், ஓரத்தில் மண்பானையில் தண்ணீர், பின்னேரம் ஒரு பாய். சித்தப்பா வந்து ஒரு நாள் அதில் படுத்தெழும்பினால் பிறகு மூடச் சொல்ல மாட்டார்.

சுன்னாகத்திலிருந்து: பூச்சாடிகளில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. இலையிலும் புள்ளி. நோயா?

நோயில்லை, எங்கள் கிணறு. கீழே சுண்ணாம்புக்கல், அதனால் தண்ணீரில் சுண்ணாம்பு. இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். மண்சாடியில் படிந்ததைப் பாதித் தேசிக்காயால் தேய்த்துக் கழுவினால் போகும். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது, மாரியில் நிலத்துக்குள் இறங்கியதுதான் கோடைக்கும். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் செவ்வரத்தைக்கு விடுங்கள். வாடுகிற பூக்கண்டுகளுக்கு நித்தியகல்யாணி எவ்வளவோ மேல்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா: யூலைக் கடைசியில் மகனின் குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் போனை விட்டு எழும்ப என்ன செய்யலாம்?

அம்மா, முதலில் நல்லூர்க் கொடியேற்றத் திகதியைப் பாருங்கள். கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் உங்கள் பக்கத்து வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, காய்ச்ச மாட்டார்கள். ஆகவே ஒடியற்கூழை அதற்கு முந்திய சனிக்கிழமையே வைத்துவிடுங்கள். கூழ்தான் என் மருந்து. ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு வடித்தால் காறல் போகும். நண்டு கழுவ மகன், பயத்தங்காய் முறிக்க மருமகள், பலாக்கொட்டை உரிக்கப் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு வேலை. பின்னேரம் மாமரத்தடியில் பாய் விரித்து, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் கொடுங்கள். பிளாவை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், கீழே வைத்தால் சரிந்து ஊற்றும். அப்புறம் போனை எந்தக் கையால் பிடிப்பது?

கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதென்றால் காலை வெள்ளனவே போய்விடுங்கள். கடல் ஆழமில்லை, ஆனால் பத்து மணிக்குப் பிறகு மணல் காலைச் சுடும். வீட்டுக்கு வந்தால் கொக்கான், தாயம். கிளித்தட்டுக்கு ஆட்கள் காணாதென்றால் அயல் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அலங்காரம் ஒன்றும் வேண்டாம், மாமரக் கொப்பில் ஓர் ஊஞ்சல் மட்டும் கட்டுங்கள். கொப்பு தாங்குமா என்று பெரியவர் ஒருவர் முதலில் ஆடிப் பார்க்கட்டும்.

வாடகை அனெக்சில் இருக்கும் ஒருவர்: முற்றமே இல்லையே?

மொட்டைமாடி இருந்தால் ஆறு மணிக்கு ஒரு வாளி தண்ணீர் தெளித்துப் பாய் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் பண்ணைக் கடற்கரைப் பக்கம் காற்று இலவசம்.

மானிப்பாயிலிருந்து: பின்னேரம் வெளியே இருந்தால் நுளம்பு. வேப்பிலைப் புகை போதுமா?

புகை போட்ட நேரத்துக்குத்தான். பகலில் கடிக்கும் டெங்கு நுளம்புக்கு உங்கள் பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரே தொட்டில். வேப்பிலை பிடுங்கப் போகும்போது அந்தத் தட்டுகளை முதலில் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.