வெளிநாட்டு வேதாகமக் கல்லூரியா, பிலிமத்தலாவயா?

அன்பின் அக்காவுக்கு,

நேற்று திருகோணமலை உவர்மலையிலிருந்து நீங்கள் போனில் அழுதது இன்னும் மனதில் நிற்கிறது. உயர்தரம் முடித்த உங்கள் ஒரே மகன், எங்கள் தம்பி, "ஆபிரிக்காவுக்குப் போய்ப் போதகர்களுக்கு வேதாகமம் படிப்பிக்கப் போறன்" என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் தலை சுற்றும். ஆனால் தம்பியின் ஆசை பிழையான ஆசை இல்லை. அதற்காக ஒரு வெளிநாட்டு வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பித்து அவர் பிடித்த வழிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் காசு. அந்தக் கல்லூரிக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம், நகையையும் அடகு வைக்க வேண்டாம். விண்ணப்பித்து மூன்றாம் நாளே வாட்ஸ்அப்பில் அனுமதிக் கடிதம் வந்தது, நேர்முகம் இல்லை, உங்கள் சபைப் போதகரின் சிபாரிசுக் கடிதத்தைக் கூடக் கேட்கவில்லை என்கிறீர்கள். நான் அறிந்த நல்ல இறையியல் கல்லூரிகள் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்கும். சபைக்குத் தெரியாத ஒருவரைச் சபை ஊழியத்துக்குப் பயிற்றுவிக்க அவை துணியா.

அந்தக் கல்லூரியை யார் அங்கீகரித்தார்கள் என்று தம்பியைத் தேடச் சொல்லுங்கள். கல்லூரி தன் இணையத்தளத்தில் சொல்வதை நம்பாமல், அங்கீகரித்த அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசியாவில் இப்படி இறையியல் கல்வியை அங்கீகரிக்கும் அமைப்புகளில் இந்தியாவின் செரம்பூர் செனட், ஆசிய இறையியல் சங்கம் ஆகிய இரண்டும் தெரிந்த பெயர்கள். அமெரிக்கா என்றால் மாணவர் விசாவுக்கு ஐ-20 படிவம் வேண்டும். அதை வழங்க அந்நாட்டு அரசின் அனுமதி பெற்ற கல்வி நிறுவனத்தால் மட்டுமே முடியும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இதையெல்லாம் பாராமல் போய், மூன்று வருடம் கழித்து ஒரு சான்றிதழோடு திரும்பினார். சபையும் ஏற்கவில்லை, பாடசாலையும் ஏற்கவில்லை. அந்த வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை அக்கா.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் மெதடிஸ்த குடும்பம், நடைமுறை உங்களுக்கே தெரியும். முதலில் உள்ளூர்ப் பிரசங்கி, பிறகு ஊழிய வேட்பாளர், திருச்சபை மாநாடு ஏற்ற பின்புதான் கல்லூரி. நான் சொல்வது கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவயில் இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரியை. அதை 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தொடங்கின. தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்கிறார்கள். தம்பிக்கு இது பெரிய விஷயம். வேதாகமத்தின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும் கற்க வேண்டிய பிள்ளை, விளங்காத ஆங்கிலத்தில் அவற்றைக் கற்றால் மூன்று மொழியிலும் தடுமாறுவார். தமிழில் அடித்தளம் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் தீட்டட்டும். அதோடு, ஒரு சிங்களப் பிள்ளையோடு நாலைந்து வருடம் ஒரே விடுதியில் சாப்பிட்டுப் படுத்து எழும்புவது, பிற நாட்டில் போய்ப் படிப்பிக்க நினைப்பவருக்கு எந்தப் புத்தகமும் தராத பயிற்சி.

கொழும்பில் 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினறியும் இருக்கிறது. அங்கும் தமிழில் படிக்கலாம். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இயங்குகிறது. இந்தியா என்றாலும் மாணவர் விசாவோடுதான் போக வேண்டும், சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது சட்டப்படி குற்றம். "போனால் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வெளிநாட்டில் போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதும் தம்பிக்குத் தெரிய வேண்டும். அதில் மாதச் சம்பளம் உள்ளவர்கள் குறைவு. பலர் தங்களை அனுப்பும் சபைகளின் காணிக்கையில்தான் வாழ்கிறார்கள். போகும் இடத்தில் முன்னால் உட்காருபவர்கள் இருபது வருடம் சபை நடத்தியவர்கள். பகலில் வயல் வேலை, மாலையில் ஜெபக்கூட்டம் என்று வாழ்பவர்கள். மரண வீட்டில் ஒரு தடவையும் நின்றிராத இருபத்தைந்து வயதுப் பிள்ளை அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? அதனால்தான் இந்த வேலைக்கு அனுப்புபவர்கள் முதுநிலைப் பட்டத்தோடு சில வருட சபை அனுபவத்தையும் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1716இல் ஒரு பள்ளி தொடங்கினார். அந்த மிஷனில் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல். அவர் வந்து இருபத்தேழு வருடம்! சீகன்பால்கு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தம்பியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் அடுத்த கேள்வி, "இவன் எப்படிச் சாப்பிடுவான்?" என்பது. மறைக்காமல் சொல்கிறேன். திருச்சபை வீடு தரும், கொடுப்பனவு தரும், ஆனால் கொடுப்பனவு சிறியது. சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றமும் வரும். வருகிற மருமகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். போதகராகாமல் வேதாகமம் படிப்பிப்பது மட்டும்தான் அவர் விருப்பம் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்துப் பாடசாலை ஆசிரியராகும் வழியும் உண்டு. கலைப்பிரிவில் கிறிஸ்தவம் எடுத்த பிள்ளைதானே, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் புள்ளியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இந்த ஒரு வருடம் அவர் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். ஞாயிறு பாடசாலை வகுப்பொன்றைப் பொறுப்பெடுக்கட்டும். உங்கள் போதகர் மூதூர்ப் பக்கம் சிறு சபைகளுக்குப் போகும்போது கூடப் போகட்டும். வெளிநாட்டுப் போதகர்கள் இங்கே வகுப்பெடுக்க வந்தால் மொழிபெயர்க்க நிற்கட்டும். அங்கே, பின்வரிசையில் இருப்பவருக்கு எது விளங்கவில்லை என்பது பேசுபவரை விட மொழிபெயர்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த அனுமதிக் கடிதம், கட்டண விபரம், உயர்தரப் பெறுபேறு மூன்றையும் எடுத்து வாருங்கள். அதற்கு முன் உங்கள் போதகரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் அக்கா. தம்பி இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலையாக இருக்கிறது.