கேட்டால் சொல்லுவோம்

கேள்வி: சிட்னியில் இருக்கிற என் பேரன் றக்பி லீக் விளையாடுகிறானாம். கண்டியிலும் கொழும்பிலும் பெடியள் விளையாடுகிற றகர்தானே அது?
(ஓர் அம்மம்மா, கோண்டாவில்)

பதில்: இல்லை அம்மா. கண்டி ட்ரினிட்டிக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்கு மோதுவது றக்பி யூனியன், ஒரு பக்கத்துக்கு 15 பேர். பேரன் விளையாடுவதில் 13 பேர். பந்தோடு ஓடுகிறவரை மடக்கி விழுத்தினாலும் எழும்பி மறுபடி ஆடலாம், ஆறாவது தடவை விழுந்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். பிரிந்தது பங்காளிச் சண்டையில்தான், அதுவும் காசுக்காக. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வருகிற சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு இழந்த சம்பளத்தையாவது கொடுங்கள் என்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன, மேலிடம் முடியாது என்றது, 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். காசுக்கு லீக் ஆடப் போனவனுக்கு யூனியன் நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது.

கேள்வி: மகனுக்குச் சொல்ல ஒரு லீக் வீரரின் கதை வேண்டும்.
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: கிளைவ் சலிவன். வேல்ஸில் கார்டிஃப் நகரத்துக் கறுப்பினப் பிள்ளை. சின்ன வயதில் கால்களில் பல சத்திரசிகிச்சை, ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்று வைத்தியர்கள் சொன்ன பிள்ளை. இராணுவத்தில் இருந்தபோது 1961 இல் ஹல் கழகம் கூப்பிட்டுப் பார்த்தது. லீக் ஆடியது தெரிந்தால் யூனியன் கதவு மூடிவிடும் என்பதால் பெயரை மறைத்துத்தான் இறக்கினார்கள், ஆனால் அந்த ஓட்டத்தை மறைக்க முடியுமா, உடனே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 1972 இல் பிரிட்டன் அணிக்குத் தலைவர். எந்த விளையாட்டிலும் ஒரு பிரிட்டிஷ் தேசிய அணிக்குக் கறுப்பினத்தவர் தலைவரானது அதுதான் முதல் தடவை. அந்த வருட உலகக் கிண்ண இறுதியாட்டம் லியோனில் நடந்தது. தன் பாதியிலேயே பந்தை வாங்கி, அவுஸ்திரேலியர் துரத்தத் துரத்த ஓரமாகவே ஓடி மற்றக் கரையில் கொண்டுபோய் வைத்தார், இப்படி வைப்பதைத்தான் 'ட்ரை' என்பார்கள். ஆட்டம் 10-10, மேலதிக நேரத்திலும் ஒருவரும் அசையவில்லை, புள்ளிப் பட்டியலில் மேலே நின்றதால் கிண்ணம் பிரிட்டனுக்கு. அதற்குப் பிறகு இன்றுவரை அவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஹல் நகரத்தில் இரண்டு கழகங்கள், கீரியும் பாம்பும். அந்த இரண்டுக்கும் ஆடி, இரண்டிலும் நூறு ட்ரைக்கு மேல் வைத்து, இரண்டு பக்கத்தாராலும் கொண்டாடப்பட்டவர். 1985 இல் புற்றுநோயில் போனபோது வயது 42. நகருக்குள் நுழையும் பெருந்தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கேள்வி: திரும்பவும் நான்தான். இதில் கை கால் முறியாதா? நிற்பாட்டச் சொல்லவா?
(அதே அம்மம்மா)

பதில்: முறியும் அம்மா, மறைத்துச் சொல்லி என்ன பயன். முப்பதைத் தாண்டியதும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு விடாது. கெமரன் ஸ்மித் மாதிரி 37 வயது வரை நின்று அவுஸ்திரேலிய லீக்கில் 430 ஆட்டம் ஆடுவதெல்லாம் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் எலும்பு பொருந்தும், தலையில் படுகிற அடிதான் பயம். அங்கே பெரியவர்களின் முதல்தர லீக்கிலேயே மூளை அதிர்ச்சி என்று வைத்தியர் சொன்னால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆட விடமாட்டார்கள். அதனால் நிற்பாட்டச் சொல்லாதீர்கள், அடிபட்டால் மறைக்காமல் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுகிறானா என்று மட்டும் கேளுங்கள். தாயிடம் மறைப்பதைப் பெடியள் அம்மம்மாவிடம் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்களும் ஆடிப் பார்க்கலாமா?
(மூன்று நண்பர்கள், நல்லூர்)

பதில்: மோதலை விட்டுவிட்டு 'டச்' ஆடுங்கள். லீக்கிலிருந்து பிறந்ததுதான், கையால் தொட்டாலே மடக்கியதாகக் கணக்கு. பக்கத்துக்கு ஆறு பேர், கம்பம் தேவையில்லை, 70 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் இருந்தால் போதும். பந்தை மட்டும் கொழும்பிலிருந்து யாரையாவது வாங்கிவரச் சொல்லுங்கள். மூன்று பேர் இருக்கிறீர்கள், இன்னும் ஒன்பது பேரைப் பிடியுங்கள்.