பிரட்டுக்களத்தில் ஜாஸ்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் திடல்) ஒருநாள் இசைவிழா வைக்க இளைஞர்கள் யோசிக்கிறோம். ஜாஸ்தான் முக்கியம். எந்த மாதம் தோது? – வாசகர், மஸ்கெலியா

உங்கள் பக்கம், ஹட்டன், தலவாக்கலை எல்லாவற்றுக்கும் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஏப்ரலில் காலை வெயிலை நம்பி மேடை கட்டினால் பின்னேரம் இடியோடு கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு வேறு: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று படங்கைப் பிய்த்துக்கொண்டு போகும்.

மாசியில் தப்பு (பறை) அடிப்பவர்களுக்குக் காமன் கூத்து (மன்மதன் கதைக் கூத்து) வேலை இருக்கும். அவர்களும் மேடையில் வேண்டுமென்றால் முதலில் அவர்களிடம் நாள் கேளுங்கள். போயாவையும் பரீட்சைக் காலத்தையும் விட்டு, சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமையாகப் பாருங்கள். பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்தால் குளிரும் குறைவு, வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் வசதி.

ஜாஸ் வாசிக்கிறவர்களை மலையகத்தில் எங்கே தேடுவது? – வாசகி, டிக்கோயா

கல்யாண பேண்டில் சாக்சபோனும் ட்ரம்பெட்டும் ஊதுகிறவர்கள், தேவாலய ஆராதனையில் கீபோர்ட் வாசிக்கிறவர், நுவரெலியா ஹோட்டல்களில் கிட்டார் வாசிக்கிறவர்கள், பொலிஸ் அல்லது இராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இவர்களில் பலர் தங்களை ஜாஸ்காரர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பாட்டின் மெட்டை விட்டு விலகித் தானாக வாசித்து, திரும்ப மெட்டுக்கு வந்து சேரத் தெரிந்தவரா என்று மட்டும் பாருங்கள்.

தொடக்கத்துக்கு 12 பார் புளூஸ் ஒன்று போதும். பார் என்பது நான்கு அடி, 12 பார் ஒரு சுற்று; கோர்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், சுரவரிசையில் அது தொடங்கும் இடத்தை வைத்து முதல், நான்காவது, ஐந்தாவது என்போம். நான்கு பார் முதல் கோர்ட், இரண்டு நான்காவது, இரண்டு மறுபடி முதல். பிறகு ஐந்தாவது, நான்காவது, முதல், ஐந்தாவது, ஒவ்வொன்றும் ஒரு பார். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்று 24 விநாடி. மெட்டு முன்னால் இரண்டு சுற்று, பின்னால் இரண்டு சுற்று, ஐந்து பேர் தலைக்கு மூன்று சுற்று என்றால் ஏழரை நிமிடம் ஓடும். இப்படி ஆறு பாட்டு ஒத்திகை பார்த்தால் முக்கால் மணி நேர நிகழ்ச்சி தயார். ஒருவருக்கு மூன்று சுற்றுக்கு மேல் விடாதீர்கள். நான்காவதில் சனம் வடை வாங்கப் போய்விடும்.

எல்லோரும் ‘சி’ சுரம் என்று சொல்லித்தான் தொடங்குகிறோம். ஆனால் கீபோர்ட், அல்டோ சாக்ஸ், ட்ரம்பெட் மூன்றும் மூன்று திக்கில் போகின்றன. – வாசகர், பண்டாரவளை

யாரும் பிழையாக வாசிக்கவில்லை. அந்த வாத்தியங்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. அல்டோவில் ‘சி’ ஊதினால் கீபோர்டின் ஈ பிளாட் (அரைச்சுரம் இறங்கிய ஈ) கேட்கும். ட்ரம்பெட், டெனர் சாக்ஸ் இரண்டிலும் அதே ‘சி’ பி பிளாட்டாக வரும். ஆகவே கீபோர்டும் கிட்டாரும் பி பிளாட்டில் வாசித்தால் ட்ரம்பெட்டும் டெனரும் சி-யில், அல்டோ ஜி-யில் வாசிக்க வேண்டும். எஃப் என்றால் முறையே ஜி, டி. ஊதுகிறவர்களுக்கு இந்த இரண்டும்தான் வசதியானவை. கிட்டார்காரர் ஈ-யில் போவோம் என்று அடம் பிடிப்பார், விடாதீர்கள்: அல்டோவுக்கு அது ஏழு ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றிய சுரம்) உள்ள சி ஷார்ப் ஆகிவிடும்.

வீட்டில் சரியாக இருந்த சுருதி மேடையில் கெட்டுப்போகிறது. – வாசகர், நானுஓயா

குளிர்தான். குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்றால், 10 பாகை இறக்கம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கிட்டார்க் கம்பி சுருங்கி மேலே ஏறும். கீபோர்ட் அசையாது. குழல் கீழே, கிட்டார் மேலே, காது நடுவில்.

வாத்தியங்களை அரை மணி நேரம் முன்பே மேடைக்குக் கொண்டுவந்து, ஊதிச் சூடாக்கிய பிறகு கீபோர்டுக்குச் சுருதி சேருங்கள். சாக்ஸ் இறங்கி நின்றால் மவுத்பீஸைக் கழுத்துக் கார்க்கில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். மற்றவர் தனியாக வாசிக்கும்போது சும்மா பிடித்துக்கொண்டு நிற்காமல், சத்தம் வராமல் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மூடுபனியில் சாக்ஸின் ஜி ஷார்ப் சாவியின் பேட் (துளையை மூடும் மெத்தை) ஒட்டிக்கொண்டு திறக்காது. மெல்லிய தாளை இடையில் வைத்து அழுத்தி எடுத்தால் ஈரம் போகும். பவுடர் போடுகிற பழக்கம் வேண்டாம், அது நாளடைவில் பேடைக் கெடுக்கும்.

பாட்டு நடுவில் கரண்ட் விழுகிறது. பெரிய ஜெனரேட்டர் எடுக்கலாமா? – வாசகி, தலவாக்கலை

முதலில் தேத்தண்ணிக் கடையைப் பாருங்கள். ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 800 வாட், மிக்சர், கீபோர்ட் 80, இரண்டு ஆம்ப் 300, எல்.ஈ.டி. விளக்குகள் 500 என்று வைத்தாலும் 1,700 வாட்டுக்குள் முடியும். மின்கேத்தல் ஒன்று மட்டும் 2,000 வாட் இழுக்கும். தண்ணீரை விறகில் கொதிக்க வையுங்கள்.

5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். 1,500 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இயந்திரம் ஏறக்குறைய 15 சதவீத வலுவை இழக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள். நீட்டு வயரை உருளையிலிருந்து முழுவதும் இழுத்து விடுங்கள், சுற்றியபடி விட்டால் சூடாகி உருகும். ஸ்பீக்கர், மிக்சர், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது. அப்படியும் வந்தால் டி.ஐ. பெட்டியில் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) எர்த் பிரிக்கும் சுவிட்சைப் போடுங்கள். பிளக்கின் எர்த் காலை வெட்டுகிற ஆளை மேடைக்குக் கிட்ட விடாதீர்கள். ஈரத்தில் நின்று மைக் பிடிக்கிறவரின் உயிர் அதில் இருக்கிறது. மின் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

எதிர் மலையிலிருந்து சத்தம் திரும்பி வந்து தாளத்தைக் குழப்புகிறது. – வாசகர், ஹப்புத்தளை

85 மீற்றர் தள்ளி இருக்கும் சரிவிலிருந்து ஒலி அரை விநாடியில் திரும்பும். 120 வேகத்தில் அது சரியாக ஒரு அடி. ஸ்பீக்கரை மலைக்கு நேரே வைக்காமல் சரிவின் நீளவாக்கில் திருப்பி, உயர்த்தி வைத்து, முகத்தைச் சனத்தின் தலைக்குச் சாய்த்து விடுங்கள். மைக்கும் குறைவாக இருக்கட்டும். டைனமிக் மைக்தான் நல்லது, கண்டென்சர் மூடுபனியில் பொரியும். சாக்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, குழலின் விரிந்த வாய்க்கு நேரே இல்லாமல் சாவிகளைப் பார்த்து வையுங்கள். வாய்க்குள் வைத்தால் கீழ்ச்சுரம் மட்டும் இடிக்கும். ட்ரம்பெட்டுக்கு இரண்டு சாண்.

தப்பையும் ஜாஸையும் சேர்க்கலாமா? – வாசகர், பொகவந்தலாவை

நன்றாகச் சேரும். ஜாஸின் ஸ்விங் நடை என்பதே ஒரு அடியை மூன்றாகப் பிரித்து நடுவை விழுங்குவது. திஸ்ர நடையில் அடிக்கிறவருக்கு அது புதிதல்ல. ஆனால் மூன்று தப்பு ஒன்றாக முழங்கினால் சாக்ஸ் கேட்காது. சாக்ஸுக்கு நான்கு பார், தப்புக்கு நான்கு பார் என்று மாறி மாறி விடுங்கள். ஈரத்தில் தோல் தளரும், காய்ச்ச நெருப்பு வேண்டும். அந்த நெருப்பு ஜெனரேட்டருக்கும் பெற்றோல் கானுக்கும் எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். தப்புக்காரர்களுக்கும் ட்ரம்பெட்காரருக்குக் கொடுக்கிற அதே காசு. இதில் பேரம் பேசாதீர்கள்.

நம் நாட்டுக்குப் பெரிய ஜாஸ் கலைஞர்கள் வந்ததுண்டா? – வாசகி, பதுளை

டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் வந்தார்கள். இரண்டும் அமெரிக்க அரசு அனுப்பிய பயணங்கள்.

அனுமதி யாரிடம்? – வாசகர், நோர்வூட்

களத்துக்குத் தோட்ட முகாமையாளர், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பொலிஸ் கடிதத்தில் முடிக்கும் நேரத்தைக் குறிப்பிடுங்கள், இரவு 10 மணியைத் தாண்ட வேண்டாம். டிக்கெட் விற்பதானால் கேளிக்கை வரி பற்றிப் பிரதேச சபையில் முன்கூட்டியே கேளுங்கள். பிரதம விருந்தினர் பேச்சையும் பொன்னாடையையும் இடைவேளையில் வையுங்கள். முன்னால் வைத்தால், சூடாக்கி வைத்த வாத்தியமெல்லாம் பேச்சு முடிவதற்குள் மறுபடி குளிர்ந்துவிடும்.