லெம்னோஸ் சிறுவர்கள்

அன்புள்ள ஐயா,

இன்றைய கிரேக்கர்கள் பழைய கிரேக்கர்களின் வம்சமே இல்லை, ஸ்லாவியர்களும் அல்பேனியர்களும்தான் என்று 1830இல் ஃபால்மராயர் என்ற ஜெர்மானியர் எழுதினாராம். என் நண்பர் மரபணு ஆய்வைக் காட்டி அதை மறுக்கிறார். எது சரி? மாசிடோனியா என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

எம்.

அன்புள்ள எம்.,

எச்சிலை ஆய்வகத்துக்கு அனுப்பி ஒரு தேசம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள முடியாது. நண்பரிடம் சொல்லுங்கள். மாசிடோனியா என்ற பெயருக்காகக் கிரேக்கமும் அதன் வடக்கு அண்டை நாடும் போட்ட சண்டை 2018இல் பிரெஸ்பா ஒப்பந்தத்தில், அந்த நாட்டின் பெயருக்கு முன்னால் ‘வடக்கு’ என்ற ஒட்டோடு ஒருவழியாக ஓய்ந்தது, அதை விடுங்கள்.

ஆனால் சில நாட்களாக லெம்னோஸ் தீவின் சிறுவர்கள் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை ஒட்டோமான் துருக்கியர் ஆண்ட அத்தீவில் 1912இல் கிரேக்கப் படை இறங்கியபோது வேடிக்கை பார்க்க ஓடினார்களாம். அத்தீவில் பிறந்து வரலாற்றாசிரியரான பீட்டர் கரானிஸ் சொன்னது. கிரேக்கர்கள் தங்களை ‘ஹெலனியர்’ என்பார்கள். ஒரு சிப்பாய் சிறுவர்களைக் கேட்டார்: “என்னடா பார்க்கிறீர்கள்?” “ஹெலனியர்களை.” “நீங்கள் ஹெலனியர் இல்லையா?” “இல்லை, நாங்கள் ரோமானியர்.”

இத்தனைக்கும் வீட்டில் பேசியது கிரேக்கம்! ஒட்டோமான் ஆட்சியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், பல்கேரிய மொழி பேசினாலும், ‘ரூம்’தான், அதாவது ரோமானியர். 1870இல் பல்கேரியர்கள் தனித் திருச்சபை வாங்கிய பிறகு அந்தப் பொதுப்பெயர் கிழிந்தது. படித்தவர்கள் தூசி தட்டிய ‘ஹெலனியர்’ என்ற பழைய பெயர் லெம்னோஸ் பிள்ளைகளை எட்ட நூறாண்டு ஆகியிருக்கிறது. இதில் ரத்தம் எங்கே வந்தது?

1923இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பண்டமாற்றுச் செய்ய ஒப்பந்தம் போட்டபோதும் மொழியைக் கேட்கவில்லை, மதத்தைத்தான் கேட்டார்கள். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கப்படோக்கியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு. கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்கு. முன்பே தப்பி ஓடியவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 16 லட்சம் பேர். போன இடத்திலாவது நிம்மதியா? கிரேக்கத்தில் ‘துருக்கி விதை’ என்றார்கள், துருக்கியில் ‘பாதி காஃபிர்’ என்றார்கள்.

பல வருடங்களுக்கு முன் துருக்கியில் ஆய்வலிக் ஊர்ப் பக்கம் ஜுண்டா தீவில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து பூசணிப் பூவுக்குள் அரிசியைத் திணித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவரத் தாமதித்த பேரனைத் திட்டினாள். என்னோடு வந்த கிரேக்க நண்பர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கிரீட் பாட்டியின் அதே பேச்சு. “அம்மா, நீங்கள் கிரேக்கரா?” என்று கேட்டார். பாட்டி பூவின் நுனியை மடித்தபடி, “முஸ்லிம்” என்றாள், கிரேக்கத்திலேயே.

பேரனுக்கு அந்த மொழியில் வசவு மட்டும்தான் புரியுமாம்.