வேதபாடம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் 'கிறிஸ்தவர்களின் கொடுத்தல்' என்ற தலைப்பில் 45 நிமிடம் வேதபாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களைப் பட்டியலிடும் நூல்) 'காணிக்கை' வருகிற 40 வசனங்களை எழுதி வைத்திருக்கிறேன். எதை வைப்பது, எதை விடுவது?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நாற்பதையும் முதலில் ஓரமாக வையுங்கள். ஆளுக்கொரு வசனமாக வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வீட்டுக்குப் போகும்போது ஒரு வசனமும் நினைவில் இருக்காது.

தேடிய சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'காணிக்கை' என்று தேடினால் லேவியராகமமும் எண்ணாகமமும்தான் பக்கம் பக்கமாக வரும். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் சேர்த்த செய்தி வேறு சொற்களில் இருக்கிறது: 1 கொரிந்தியர் 16:1-இல் 'தர்மப்பணம்', 2 கொரிந்தியர் 8:4-இல் 'தர்ம ஊழியம்'. இவற்றையும் தேடாவிட்டால் புதிய ஏற்பாட்டின் முக்கியப் பகுதியே கை நழுவிவிடும்.

2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை மூலபாடமாக வையுங்கள். துணைக்கு நான்கைந்து பகுதிகள் போதும்: யாத்திராகமம் 36:5-7 (ஜனங்கள் தேவைக்குமேல் கொண்டுவந்ததால் மோசே 'போதும்' என்று நிறுத்திய இடம்), உபாகமம் 14:28-29, மத்தேயு 6:2-4, மாற்கு 12:41-44, 1 கொரிந்தியர் 16:2. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எடுத்து மூன்று விவரம் எழுதுங்கள்: கொடுத்தது யார், யாருக்காக, முன்னும் பின்னும் பேச்சு எதைப் பற்றி. மூன்றையும் நிரப்ப முடியாவிட்டால் அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் சலித்தால் லூக்கா 6:38 தடுமாறும். கொடுத்தால் உங்களுக்கும் 'அமுக்கிக் குலுக்கி' அளந்து கொடுக்கப்படும் என்ற அந்த வாக்கு, சத்துருக்களைச் சிநேகிப்பது, திரும்ப எதிர்பாராமல் கடன் கொடுப்பது, மன்னிப்பது பற்றிய பேச்சின் நடுவே வருகிறது. அதைக் காணிக்கைப் பைக்கு மட்டும் சுருக்கக் கூடாது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். 2 கொரிந்தியர் 8:1-15-ஐ ஒருவரே சத்தமாக வாசிக்க 3 நிமிடம். பிறகு 20 நிமிடம் அந்தப் பகுதியிலேயே இருங்கள். மக்கெதோனியா நாட்டுச் சபையார் கொடிய தரித்திரத்தில் கொடுத்தார்கள் (8:2). முதலில் தங்களையே கொடுத்தார்கள் (8:5). காரணம் 8:9-இல் இருக்கிறது, ஐசுவரியமுள்ளவரான கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானார். 8:9-ஐ விட்டுவிட்டால் பாடம் நன்கொடை வசூலாக மாறிவிடும். துணைப் பகுதிகளுக்கு 12 நிமிடம், மீதி நேரம் கேள்விகளுக்கு.

கேள்வி: மல்கியா 3:10 இல்லாமல் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு கொடுப்பது) பற்றிப் பேச முடியுமா? பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்றும் கேட்பார்களே?

பதில்: மல்கியாவைத் தாராளமாக எடுங்கள், ஆனால் அந்த வசனத்திலேயே உள்ள 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்பதை விழுங்கிவிடாதீர்கள். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பண்டசாலை என்பது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைக்கும் அறை. பங்கு கிடைக்காமல் ஆலய ஊழியரான லேவியர் தங்கள் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13:10-12 சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் விஷயம் விளங்கும். மல்கியாவின் அதே அதிகாரத்தில் 5-ஆம் வசனம் கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களைக் கண்டிக்கிறது. 10-ஐ வாசித்து 5-ஐத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

உபாகமம் 14-இல் தசமபாகத்தைக் குடும்பமாகக் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிடவும் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். இதை மாதச் சம்பளச் சீட்டோடு நேராகப் பொருத்த வழியில்லை. இதில் சபைக்குச் சபை பழக்கம் வேறு. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 'இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே' என்ற 2 கொரிந்தியர் 8:12-ஐயும், 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்ற 9:7-ஐயும் வாசித்து அவரவர் தீர்மானத்துக்கு விடுங்கள்.

கேள்வி: ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசு (மாற்கு 12:42) என்ன மதிப்பு?

பதில்: இரண்டும் சேர்ந்து ஒரு துட்டு. அது ஒரு தெனாரியத்தில் (ரோம வெள்ளிக்காசு) 64-இல் ஒரு பங்கு; தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்தால் அவள் போட்டது 10 ரூபாய். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு வசனம் முன்னால்தான் 'விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற' வேதபாரகரை (யூத வேத போதகர்களை) இயேசு கண்டிக்கிறார். ஆகவே கையிலுள்ள கடைசி ரூபாயையும் போடும்படி ஏழைகளை நெருக்க இந்தக் கதையைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: 'போடுகிற பணம் எங்கே போகிறது?' என்று யாராவது கிளப்பினால்?

பதில்: அது குறுக்குக் கேள்வி இல்லை, பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. பெருந்தொகையைக் கையாளும்போது யாரும் குறை சொல்லாதபடிக்குப் பவுல் தம் உடன்வேலையாளான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர் (2 கொரிந்தியர் 8:18-22). அதை வாசித்துவிட்டு, உள்ளூர்க் கணக்கு பற்றிய கேள்வியைப் பொருளாளருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஆண்டுக் கணக்கறிக்கையின் ஒரு பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி மேஜையில் வையுங்கள்.