கேள்வி - பதில்: கட்டபொம்மன் கோட்டைக்கு ஒரு நாள் பயணம்

கேள்வி: நெல்லையிலிருந்து காரில் ஒரே நாளில் பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் பார்க்கணும். எதை முதலில் பார்ப்பது? பிள்ளைகளும் வருகிறார்கள்.

பதில்: பாஞ்சாலங்குறிச்சிதான் முதலில். தூத்துக்குடி சாலையில் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கரிசல்காடு, நிழல் குறைவு, உச்சி வெயிலைப் பிள்ளைகள் தாங்காது.

அங்கே நிற்கும் கோட்டை 1974-ல் கட்டிய நினைவுக்கோட்டை. பலரும் அதையே பழைய கோட்டை என்று நினைத்து, படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்துவிடாதீர்கள்! பக்கத்திலேயே பழைய அரண்மனையின் அடித்தளம் இருக்கிறது, அதை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். அசல் கோட்டை மண்ணால் ஆனது. கல்சுவர் குண்டு பட்டால் பிளக்கும். மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1799 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி பானர்மேனின் படை முதல் தாக்குதலில் தோற்றதற்குக் கனரகப் பீரங்கி இல்லாததும் காரணம். 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, சில நாட்களிலேயே கோட்டையை மறுபடி எழுப்பினார். மண் என்பதால்தான் அது முடிந்தது. இதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வைத்தே சொல்லுங்கள். அந்தப் போர்களில் மாண்ட ஆங்கிலேயர் கல்லறைகளும் அருகில்தான்.

மழை பெய்திருந்தால் வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள், கரிசலில் சக்கரம் புதைந்துவிடும்.

பிறகு ஓட்டப்பிடாரம், பசுவந்தனை வழியாகக் கோவில்பட்டியில் சாப்பாடு. அங்கிருந்து நான்குவழிச் சாலையில் தெற்கே வந்தால் கயத்தாறு; 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். நெல்லை திரும்பும் வழியிலேயே இருக்கிறது.